ஒன்பதாம் கட்டிலின் வயர்

இசக்கி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. குக்கர் கூப்பிடுகிறது என்று சொல்லிப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அன்று நான் குக்கரே வைக்கவில்லை. "அம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் பண்ணது சரியா, தப்பா? நான் கிளம்புற வரைக்கும் நீ சொல்லவே இல்லையே" என்று கேட்டாய். உன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது கோபமாகச் சொல்லித் தப்பித்திருப்பேன். தெரியாத ஊரில், குளிரில், ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு இதை யோசித்திருக்கிறாய் என்றுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. பதில் தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். தெரியவில்லை என்பதையாவது ஒழுங்காகச் சொல்லலாமே என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழில்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். முடியாத இடத்தில் போனைக் காட்டினால் அது வாசித்துச் சொல்லும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனாலும் மெதுவாக நீயே படி. ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு அது ஆபீஸ் குறிப்பாகிவிடும். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று ஆரம்பித்து, 'தக்க உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடித்துவிடுவேன். அமைச்சகத்தில் காலமெல்லாம் அதைத்தானே எழுதினேன். இந்த விஷயத்தில் உத்தரவு போட மேலே யாரும் இல்லை.

முதலில் உன் வேலையைப் பற்றி நான் என்ன புரிந்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தப்பாக இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி. நீ கல்லூரியில் இருந்தபோது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "அம்மா, இங்க வா, வீட்டு வயர்ல ஓடுறத நேரா பாக்கலாம்" என்று கூப்பிட்டாய். தோசை மாவுக் கையோடு வந்து பார்த்தேன். கறுப்புத் திரையில் எண்ணும் எழுத்துமாக இரண்டிரண்டாக ஓடிக்கொண்டே இருந்தது. "இது யாருகிட்ட யாரு பேசுதாக?" என்று கேட்டேன். "உன் போன், அப்பா போன், டிவி, எல்லாம்" என்றாய். எனக்கு முதலில் தோன்றியது, இதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதுதான். அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்பதுபோல் இருந்தது. நீ சிரித்துவிட்டு, பேச்சு பூட்டியிருக்கும், உறைமேல் விலாசம் மட்டும்தான் தெரியும் என்றாய். அடுத்த நிமிடமே, "ஆனா எல்லாம் பூட்டியிருக்காது" என்றும் சொன்னாய். அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் இது.

பிறகு நீ சொல்லிச் சொல்லி எனக்குத் தெரிந்தது இவ்வளவு. நாம் பார்க்கும் படம், பாட்டு, எழுத்து எல்லாம் மேல் அடுக்கு. கீழே இறங்க இறங்க அவை கழன்றுபோய்க் கடைசியில் வயரில் ஓடும் வெறும் துடிப்பாகிவிடும். அந்தத் துடிப்புக்கு ஒரு படி மேலே இருப்பது டேட்டா லிங்க் லேயர். அங்கே ஓடுவதெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலம். ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் முதலில் யாருக்கு, அடுத்து யாரிடமிருந்து என்று இருக்கும். அந்தப் பெயர் மனிதர் பெயர் இல்லை. இயந்திரத்துக்குத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பும் பெயர். ஒன்றுக்கு வைத்த பெயர் இன்னொன்றுக்கு இருக்கக் கூடாது. சாதாரணமாகக் கம்ப்யூட்டர் இதையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும்தான் நம்மிடம் கொடுக்கும். நீ எழுதும் புரோகிராம், 'பிரிக்காதே, அப்படியே கொடு' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். இதைத்தானே செய்கிறாய்? மாமிகளிடம் நான் 'கம்ப்யூட்டர் வேலை' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த கதை உனக்குத் தெரியும். அடைப்பு எடுத்து, ஐசியூவில் இருந்து வார்டுக்கு மாற்றிய பிறகு நடந்ததைத்தான் நான் பார்த்தபடி சொல்கிறேன். நீ பார்த்தது வேறாக இருக்கலாம். அது தனி அறை இல்லை, திரை போட்டுப் பிரித்த கட்டில்கள். அப்பாவுக்கு ஒன்பதாம் கட்டில். தலைமாட்டில் ஒரு மானிட்டர். அதில் ஓடும் கோடும் எண்ணும் நர்சுகள் உட்காரும் மேசையில் இருந்த பெரிய திரையிலும் தெரியும். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கட்டம். யாருக்காவது துடிப்பு தப்பினால் மேசையில் சத்தம் வரும், அவர்கள் ஓடி வருவார்கள். வந்த அன்றே அப்பாவின் கட்டம் அடிக்கடி வெறுமையாகிப் போனது. தலைமாட்டு மானிட்டரில் கோடு ஒழுங்காக ஓடும், மேசைத் திரையில் மட்டும் ஒன்றும் இருக்காது. நர்ஸ் ஜின்சி ஓடி வந்து அப்பாவின் நெஞ்சில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து வேறு ஒட்டுவாள். "பேடிக்கண்டா ஆன்ட்டி, பயப்படாதீங்க, லீடு லூஸ் ஆயிருக்கும்" என்பாள். கேரளத்துப் பெண், என்னோடு பேசும்போது பாதி தமிழ் கலந்து பேசுவாள். அப்பாவின் நெஞ்சு முடி அதோடு போய்க்கொண்டிருந்தது. "ஏளா, வீட்டுக்கு அனுப்பும்போது என்னய மொட்ட அடிச்சுத்தான் அனுப்புவாக போலிருக்கு" என்றார்.

நீ சனிக்கிழமை காலையில் என்னோடு வந்தாய். வந்தவள் அப்பா பக்கத்தில் உட்காராமல் நர்ஸ் மேசைக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. பெற்ற தகப்பன் படுத்திருக்கிறார், இவள் அங்கே நின்று டிவி பார்க்கிறாளே என்று. பிறகு வந்து என் காதில், "அம்மா, அப்பா கட்டம் போறப்போ நாலாம் கட்டில் வருது. நாலு போறப்போ அப்பா வர்றார். ரெண்டும் மாத்தி மாத்தி" என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலாம் கட்டில் வார்டின் அந்தக் கோடியில். அங்கே ஒரு வயதான பஞ்சாபி அம்மாள். துணைக்கு இருந்த மருமகள் குழந்தையைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம்தான் வருவாளாம்.

நீ முறைப்படியும் சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. ஜின்சியிடம் சொன்னாய். அவள் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்தாள். புகார் பதிவாகிவிட்டது, திங்கட்கிழமை ஆள் வருவார் என்றார்கள். நீயே போனை வாங்கி, "அண்ணா, ரெண்டு மானிட்டருக்கும் ஒரே அட்ரஸ் இருக்கலாம், கொஞ்சம் செக் பண்ணுங்க" என்று ஹிந்தியில் பணிவாகத்தான் சொன்னாய். அவர்கள் அதையும் புகாரில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நானாக இருந்தால் அதோடு நின்றிருப்பேன். எழுதிக் கொடுத்தாயிற்று, பொறுப்பு அவர்களுடையது. ஆபீசில் எனக்கு அப்படித்தான் பழக்கம். நீ வந்து அப்பா கட்டிலுக்குப் பின்னால் குனிந்தாய். சுவரில் இரண்டு துளை இருந்தது. ஒன்றில் மானிட்டரின் வயர். இன்னொன்று சும்மா இருந்தது. உன் பையிலிருந்து லேப்டாப்பையும் ஒரு வயரையும் எடுத்தாய்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றேன்.

"பாக்கத்தான் போறேன். எதையும் தொட மாட்டேன்."

"யாருகிட்ட கேட்ட? வேண்டாம்ட்டி. இது நம்ம வீடு இல்ல."

"கேட்டா திங்கக்கிழமைன்னு சொல்றாங்கம்மா. அப்பாவோட மானிட்டர் இது."

அப்பா கண்ணை மூடிக்கொண்டே, "பாக்கட்டும், விடேன்" என்றார். நீ அதைத்தான் கேட்டாய். நான் சொன்னது காற்றில் போயிற்று. கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்து விட்டுவிட்டு, யாராவது வருகிறார்களா என்று நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொன்னவளே காவலுக்கும் நின்றேன். அது எப்படி என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

சின்னதாக ஒரு புரோகிராமை ஓடவிட்டாய், ஒரு பக்கம்கூட இராது. எண்ணும் எழுத்தும் ஓட ஆரம்பித்தன. அங்கே எனக்கு ஒரு விஷயம் சொன்னாய். மற்றவர்களுக்குள் நடக்கும் பேச்சு உன் வயருக்கு வராது, நடுவில் இருக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டி அதை அவரவர் வயருக்கே திருப்பிவிடும், 'எல்லாரும் கேளுங்கள்' என்று கூவுவது மட்டும்தான் உனக்கு வரும் என்றாய். அந்தக் கூவலை நீ வடிகட்டினாய். சிறிது நேரத்தில் இரண்டு வரிகளை விரலால் காட்டினாய். இரண்டிலும் 'யாரிடமிருந்து' என்ற இடத்தில் ஒரே பெயர், எழுத்துக்கு எழுத்து. ஒன்று ஒன்பதாம் கட்டிலின் மானிட்டர், ஒன்று நாலாம் கட்டிலுடையது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நம் வரிசையிலேயே அப்பாவையும் சேர்த்து இரண்டு சுப்பிரமணியன் இருந்து, கேஸ் சிலிண்டர் இந்த வீட்டுக்கு ஒரு தடவை அந்த வீட்டுக்கு ஒரு தடவை என்று போனதைச் சொல்லி, "அதே தான்மா. ஸ்விட்ச் கடைசியா யார் பேசினாங்களோ அவங்கதான்னு நினைச்சுக்குது. இன்னொருத்தருக்குப் போக வேண்டியது எல்லாம் தப்பான வயர்ல போயிடுது" என்றாய். அப்போது நீ இரண்டு வயதுப் பிள்ளை. நான் சொன்ன கதையைத்தான் எனக்கே திருப்பிச் சொன்னாய். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் பயம் கூடிவிட்டது.

அந்தக் கூவலுக்குள் இன்னொன்றும் இருந்ததே, இசக்கி. லேப்டாப் திரையின் வலது ஓரத்தில், புரியாத குறிகளுக்கு நடுவில், புரிகிற எழுத்தில் ஒரு பெயர். அந்தப் பஞ்சாபி அம்மாளின் பெயர். பக்கத்தில் அவர் வயது. நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். நீ சட்டென்று விரலைத் தட்டி ஓட்டத்தை நிறுத்தினாய். "இது பூட்டாம வருது. இதை நான் பாத்திருக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தாய். அந்த நேரம் பார்த்துக் கட்டில் திரையை விலக்கிச் செக்யூரிட்டி ஆள் எட்டிப் பார்த்தான். "மேடம், இங்கே என்ன நடக்குது?" என்று ஹிந்தியில் கேட்டான். கறுப்புத் திரையையும் எழுத்தையும் சுவரில் போகும் வயரையும் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அவன் மேல் குற்றமில்லை.

கீழே நிர்வாக அலுவலரின் அறைக்குப் போனோம். நீ, நான், ஜின்சி. அந்த அம்மாள் என் வயதுதான் இருப்பார். சத்தம் போடவில்லை. நோயாளிகளின் விவரம் ஓடும் இடத்தில் அனுமதி இல்லாமல் எதையும் சொருகுவது போலீசுக்குப் போகிற விஷயம் என்று சொன்னார். நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். உனக்கு அப்போதுதான் வெளிநாட்டு வேலை முடிவாகி, விசாவுக்குக் கொடுத்திருந்தோம். அவர் நேராகக் கேட்டார்: "எந்த நோயாளியின் விவரத்தையாவது பார்த்தாயா?" நான் மேசைக்கு அடியில் உன் முழங்காலை அழுத்தினேன். இல்லை என்று சொல் என்று அர்த்தம். உனக்கு அது புரிந்தது, ஏனென்றால் காலை நகர்த்திக்கொண்டாய். "ஒரு பெயர் வந்தது மேடம். ஒரு வயது. உடனே நிறுத்திட்டேன். உங்க முன்னாலயே அழிச்சிடுறேன்" என்றாய்.

விதியை மீறியவள் நீ. விதிப்படியே வாழ்ந்தவள் நான். பொய் சொல்லச் சொன்னது நான், சொல்ல மாட்டேன் என்றது நீ. இதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது? இதை நீ என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்டு ஓய்வு பெற்ற நாளில் என்னைப் பாராட்டிப் பேசியவர்கள் எல்லாரும் சொன்ன ஒரே விஷயம், இந்த அம்மாள் ஒரு வரிகூடத் தப்பாக எழுத மாட்டார் என்பது. உன் விசா ஒன்று நடுவில் வந்ததும் அந்த அம்மாள் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

நீ அங்கேயே காகிதத்தில் இரண்டு கட்டிலும் ஒரு பெட்டியும் வரைந்து காட்டினாய். அவர் நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. ஜின்சிதான் பேசினாள். அவள் வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை, வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். "மேம், மாத்தி மாத்தி வருதுன்னு நானும் பார்த்தேன். ஒண்ணைக் கழட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்றாள். மருத்துவக் கருவிகளைக் கவனிக்கும் இன்ஜினியர் லீவில் வீட்டில் இருந்தார், அவரை நிர்வாக அலுவலர் போனில் பிடித்தார். அவரும் யோசித்துவிட்டு, அந்த இரண்டு மானிட்டரும் சமீபத்தில் ஒன்றாகப் பழுது பார்க்கப் போய் வந்தவை, ஒன்றின் அமைப்பை அப்படியே இன்னொன்றில் நகலெடுத்திருக்கலாம் என்றார். மாற்று மானிட்டரோடு சாயங்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். அதுவரை இரண்டில் ஒன்றின் வயரைக் கழற்றி வையுங்கள், மற்றதாவது மேசையில் ஒழுங்காகத் தெரியும் என்றார்.

இனி எழுதுவதை எழுதுவதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எந்தக் கட்டிலுடைய வயரைக் கழற்றுவது என்று ஜின்சி மேலே வந்து டியூட்டி டாக்டரைக் கேட்டாள். டாக்டர் இரண்டு பேரின் தாளையும் புரட்டினார். இருவரும் ஏறக்குறைய ஒரே நிலை என்று சொல்லி, யார் பக்கத்தில் துணைக்கு ஆள் இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "எங்க அப்பாவோடத கழட்டுங்க. நாங்க ரெண்டு பேர் இருக்கோம். அவங்களுக்கு இப்ப யாரும் இல்ல."

நான் உன்னைத் திரைக்கு வெளியே இழுத்தேன். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கண்டுபிடிச்சது நாம. அவுகளுக்கு மருமவ இருக்கா, போன் போட்டு வரச் சொல்லுதோம். அப்பாவ எதுக்குட்டி கழட்டச் சொல்லுத?"

"அவங்க வர்றதுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்மா. அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கடவுள் பாத்துக்கிடுவாரு."

"அப்போ அப்பாவையும் அவரே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

ஜின்சி வயரைக் கழற்றினாள். மேசைத் திரையில் ஒன்பதாம் கட்டம் இருண்டுபோயிற்று, நாலாம் கட்டம் அதன் பிறகு ஒருதரம்கூட மறையவில்லை. நீ சொன்னது சரி என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. நாற்காலியை மானிட்டருக்கு நேரே போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பச்சைக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கப் போகவில்லை. எண் குறைந்தால் என் மூச்சு நிற்கும், கூடினாலும் நிற்கும். மனதுக்குள் மலை மந்திர் கோயில் முருகனை விடாமல் கூப்பிட்டேன். கூப்பிட்டதோடு அந்த அம்மாளின் மருமகளையும் திட்டினேன், உன்னையும் திட்டினேன். "ஏளா, சீரியல் பாக்கமாரி பாக்க. அதுல விளம்பரம் வருதா?" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாய்.

இன்ஜினியர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மேசையில் சத்தம் வந்தது. நாலாம் கட்டில். ஜின்சியும் டாக்டரும் ஓடினார்கள். திரையை இழுத்து மூடினார்கள். ஏதோ ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது. அந்த அம்மாள் மறுநாள் காலை பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உன்னால்தான் அவர் பிழைத்தார் என்று எனக்கு முடிவாகத் தெரிந்திருந்தால் இந்தக் கடிதம் சுலபமாக இருந்திருக்கும். நான் ஜின்சியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அறியில்லா ஆன்ட்டி. கட்டில் பக்கத்து மானிட்டரும் சத்தம் போடும். நான் அந்தப் பக்கம் இருந்திருந்தா அதைக் கேட்டிருப்பேன். இந்தப் பக்கம் இருந்திருந்தா சிலப்போ கேட்டிருக்காது" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். அதனால் அதுவும் முடிவாகத் தெரியாமலே போயிற்று.

இன்ஜினியர் இரண்டு மானிட்டரையும் திறந்து பார்த்து, நீ சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னார். அப்பாவுக்கு வேறு மானிட்டர் வந்தது. நிர்வாக அலுவலர் போலீசுக்கும் போகவில்லை, உன் ஆபீசுக்கும் சொல்லவில்லை. இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். நீ கையெழுத்துப் போட்டாய். யாரும் உனக்கு நன்றி சொல்லவில்லை. வெளியே வந்து மெட்ரோவில் ஏறிய பிறகு, "நன்றியை விடும்மா, அந்தப் பேரைப் பூட்டி அனுப்புறதுக்கு ஏதாவது செய்வாங்களா?" என்று கேட்டாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு நாளைக்கு உன்னோடு சரியாகப் பேசவில்லை. காரணம் நீ அனுமதி இல்லாமல் வயரைச் சொருகியது என்று நீ நினைத்திருப்பாய். அதற்காக இல்லை. கண்ணை இமைக்காமல் 'எங்க அப்பாவோடத கழட்டுங்க' என்றாயே, அதற்காக.

நீ விமானம் ஏறிய பிறகு ஒருநாள் காலையில் அப்பாவும் நானும் பார்க்கில் நடந்துகொண்டிருந்தோம். அவர் இப்போது டாக்டர் சொன்ன தூரத்தை ஏமாற்றாமல் நடக்கிறார். நடந்துகொண்டே, "அவ என்னயத்தான் கழட்டச் சொன்னா, கொஞ்சம்கூட யோசிக்கல, பாத்தியா?" என்றார். ஆஸ்பத்திரியில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கும் அது உள்ளே இருந்திருக்கிறது. நான், "அதத்தான் நானும் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தேன். ஒரு துணை கிடைத்துவிட்டது என்று சந்தோஷம்கூட வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யோசிக்கலன்னுதான் நானும் முதல்ல நெனச்சேன். ஆனா அன்னைக்குப் பூரா அவ கை என் பாதத்துலயே இருந்துச்சு. போர்வைக்கு அடியில. கணுக்கால்ட்ட விரல வச்சு நாடி பாத்துக்கிட்டே இருந்தா. அந்தக் கை நடுங்குன நடுக்கம் இருக்கே, ஏளா, எனக்கு அட்டாக் வந்தப்போ நான்கூட அப்படி நடுங்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல நீங்க?"

"நீதான் டிவி பாத்துக்கிட்டு இருந்தியே" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, அரசமரத்தடியில் மேய்ந்த மைனாக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அன்றிலிருந்து இதே நினைவுதான். ஒரு கட்டிலில் அவர், தலைமாட்டில் நான், கால்மாட்டில் நீ. எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உன் கை நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எண்ணை நம்பவில்லை. எண்ணின் அடி வரைக்கும் தெரிந்தவள் நீ, அதனால்தான் நம்பவில்லையோ என்னவோ. அல்லது அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல், வெறும் பயத்தில் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாயா? சின்னப் பிள்ளையில் ரோடு தாண்டும்போது என் புடவையைப் பிடிப்பாயே, அப்படியா? இதை உன்னிடம்தான் கேட்க வேண்டும். போனில் கேட்டால் நீயும் குக்கர் விசில் அடிக்கிறது என்பாய்.

அறிவுரை சொல்லாமல் ஒரு தாய் கடிதத்தை முடித்தால் நன்றாக இருக்காது. நானும் யோசித்துப் பார்த்தேன். 'கேட்டுவிட்டுச் செய்' என்று எழுதினேன், அடித்துவிட்டேன். நீ கேட்டாய், அவர்கள் திங்கட்கிழமை என்றார்கள். 'அடுத்தவர் விஷயத்தில் தலையிடாதே' என்று எழுதலாம். அப்போது நாலாம் கட்டில் அம்மாளின் முகம் வருகிறது. 'நல்லது என்று பட்டால் யாரையும் கேட்காமல் செய்' என்றும் எழுத முடியவில்லை. நாளைக்கு வேறொருவன் இதே வயரைச் சொருகி, இதே எழுத்தை ஓடவிட்டு, அந்தப் பெயரைப் பார்த்ததும் நிறுத்தாமல் இருப்பான். அவனும் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்பான். அவனையும் உன்னையும் வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் சொல்ல எனக்குத் தெரியாது. அந்தச் செக்யூரிட்டி ஆளுக்கும் தெரியாது. பெயர் வந்ததும் நிறுத்தியதும், கேட்டபோது ஆமாம் என்றதும் மட்டும்தான் வித்தியாசம். அதைவிட்டால் எனக்கு வேறு அளவுகோல் கிடைக்கவில்லை.

அதனால், சரியா தப்பா என்று நீ கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. உனக்குச் சொல்ல எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். நாளைக்கே அப்படி ஒன்று மறுபடி நடந்து, நான் உன் பக்கத்தில் இருந்தால், வேண்டாம்ட்டி, அப்பாவோடத கழட்டாதே என்றுதான் சொல்லுவேன். அழுதுகூடச் சொல்லுவேன். என்னால் வேறு மாதிரி சொல்ல முடியாது, நான் அப்படிப்பட்டவள்தான். நீ அதைக் கேட்க வேண்டாம்.

ஆனால் அடுத்த தடவை ஒரு கை அப்பா காலில் இருக்கட்டும், இன்னொரு கையை என்னிடம் கொடு.

அம்மா